தலைமை எழுத்தரின் விடுதலை

"அக்யூஸ்டுக்குக் காய்ச்சலாம்டா. இப்ப யாரை நிக்க வெக்கிறது?"

முன்னறையிலிருந்து வந்த குரல், உள்ளே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தலைமை எழுத்தரின் காதில் விழுந்தது. நீதிமன்ற ரெக்கார்டு ரூமில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவில் அவருக்கு அதே பெயர்தான். சட்டம் படிக்கும் மகனும் அவன் கூட்டாளிகளும் சனிக்கிழமைதோறும் அங்கே கூடி, குற்றவியல் நீதி, அரசியலமைப்பு, அரசு ஊழியர் கடமை என்று தொண்டை கிழியப் பேசுவார்கள். திங்கட்கிழமை கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி. இன்று ஒத்திகை.

"என்ன கேஸ்?" என்று எட்டிப் பார்த்தார்.

"அப்பீல் கேஸ் கட்டைத் தொலைச்ச கோர்ட் கிளார்க் மேல கேஸ் அங்கிள்," என்றான் அரசு வக்கீலாக நின்றவன். வாயைத் திறந்தால் சட்டப்பிரிவுதான் என்பதால் அவனுக்குப் 'பிரிவு' என்றே பெயர்.

தலைமை எழுத்தரின் முதுகு நிமிர்ந்தது. "கிளார்க்னா அவ்வளவு இளக்காரமா? நானே நிக்கிறேன். கேளு."

அவருடைய நாற்காலியில் நீதிபதியாக உட்கார்ந்திருந்த மகன் பதறி எழுந்தான்.

"உக்காருடா. குற்றவாளிக்கு எந்த ஜட்ஜ் எழுந்து நிப்பான்?"

மகன் உட்கார்ந்தான். "அப்பா, உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பு குடுத்த உரிமை. பேசாம இருக்கலாம்."

"வாயை மூடிக்கிறது திருடனுக்கு. நம்ம குடும்பத்துக்கு எதுக்கு?"

"நான் ஒண்ணு கேட்டா ஒன்பது நாள் கழிச்சுத்தான் பதில் வரும். அங்க வலியப் போய் நிக்கிறதைப் பாரு," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

பிரிவு தொண்டையைச் செருமினான். "உங்க பொறுப்புல இருந்த கட்டு தொலைஞ்சது உண்மைதானே?"

"தொலையவே இல்லை. முப்பத்து நாலு வருஷத்துல ஒரு தாள்கூடத் தொலைஞ்சதில்லை. எந்தக் கட்டு எங்கே இருக்குன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன்."

"அப்போ தொலையலை. தெரிஞ்சே மறைச்சிருக்கீங்க. எழுதிக்கோங்க யுவர் ஆனர்!"

எல்லாரும் சிரித்தார்கள். தலைமை எழுத்தருக்குக் காது சிவந்தது.

"மறைக்கிறதாவது! கேட்டு வர்ற மனுவுக்கெல்லாம் முறையாப் பதில் போட்டிருக்கேன்."

"என்னன்னு?"

"'தேடப்படுகிறது'ன்னு."

"இருக்கிற இடம் தெரியும். ஆனா தேடுறீங்க?"

"தம்பி, அது ஆபீஸ் வழக்கம். தேடப்படுகிறதுன்னு எழுதினா யார் மேலேயும் பழி வராது."

"அப்பா, போதுமே," என்றான் மகன்.

"நீ சும்மா இரு. கேட்கிறவனுக்குப் பதில் சொல்லாம உள்ளே போனா நாளைக்கு உன்னைக் காலேஜ்ல என்ன சொல்வாங்க? கிளார்க் மகன், கட்டைத் தொலைச்சவன் மகன்னுதானே?" பிரிவின் பக்கம் திரும்பினார். "உள்நோக்கம் இருந்தாத்தானே குற்றம்? கேட்டுக்கோ. என் மேசைக்கு ஒரு கால் உடைஞ்சிருந்தது. மாத்தித் தரச் சொல்லி மூணு தடவை எழுதினேன். பதிலே இல்லை. பெரிய ஜட்ஜ் ஆய்வுக்கு வர்ற அன்னைக்கு மேசை ஆடினா யாருக்கு அவமானம்? உயரத்துக்குத் தோதா நாலு கேஸ் கட்டுகளை அடியில வெச்சேன். அதுல ஒண்ணு இந்த மாதிரி ஒரு அப்பீல் கட்டு. அவ்வளவுதான்."

பிரிவு சட்டப்பிரிவுகளை விட்டுவிட்டுக் கேட்டான்.

"அப்புறமாவது எடுத்திருக்கலாமே அங்கிள்?"

"எப்படி எடுக்கிறது? எடுத்தா, இத்தனை நாள் எங்க இருந்ததுன்னு கேப்பாங்க. என் அப்பா, தாத்தா எல்லாரும் கோர்ட்ல தலை நிமிர்ந்து உத்தியோகம் பார்த்தவங்க. அவங்க பேர் என்னாகும்?" பெருமையோடு சேர்த்துக்கொண்டார். "இன்னைக்கும் போய்ப் பாரு. அந்த மேசை இம்மிகூட ஆடாது."

மகன் தரையைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னான். அலட்சியம் இருக்கலாம், உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்படுகிறார்.

கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. தலைமை எழுத்தர் அதைக் கவனிக்கவில்லை. அப்பாவின் மானத்தை மகன் வாயாலேயே காப்பாற்றியாகிவிட்டது. அது போதும்.

மூலையில் மடிக்கணினியில் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த மாணவி, அதை அச்செடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும் சார். நிஜக் கோர்ட் மாதிரியே இருக்கட்டும்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "'மேசைக்கால்'னு மொட்டையா எழுதியிருக்கே. எந்தக் கால்னு வேண்டாமா? ஆவணம்னா துல்லியமா இருக்கணும்மா." பேனாவை வாங்கி 'பின்பக்க இடது கால்' என்று தன் கையாலேயே திருத்தினார்.

"கட்டு நம்பரும் போட்டா நல்லா இருக்கும் சார். ஆனா அதெல்லாம் உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்..."

"யார்கிட்ட சொல்றே?" ஒரு நொடிகூட யோசிக்காமல் எண்ணையும் வருடத்தையும் முத்து முத்தாக எழுதினார். கீழே கையெழுத்து, தேதி, பழைய பதவி.

அவள் மை காயும்வரை பொறுத்திருந்து, தாளை உறையில் போட்டுப் பையில் வைத்தாள். நல்ல அடக்கமான பெண் என்று அவருக்குத் தோன்றியது.

"வளர்ப்பு தெரியுதும்மா. அப்பா என்ன பண்றார்?"

"ஒன்பது வருஷமா ஜெயில்ல இருக்கார் சார்," என்றாள் அவள். "இப்ப நீங்க எழுதினது அவரோட அப்பீல் நம்பர்தான்."