கடைசி நாலு நம்பர்

பிள்ளைகளா, உங்கள் அப்பா பத்தாவது பாஸ், கம்ப்யூட்டர் டிப்ளமோவில் பாதி. முழுதாகத் தெரிந்தவனைவிடப் பாதி தெரிந்தவன்தான் ஜோராகப் பேசுவான். நானும் பேசினேன்.

நைனார்பாளையத்தில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தின் கிராஃப் டேட்டாபேஸைக் கவனிப்பது அப்போது என் வேலை. ஒவ்வொரு வேளைப் பாலும் ஒரு புள்ளி. அதை ஊற்றிய கேன் ஒரு புள்ளி, கேன் ஏறிய வண்டி இன்னொன்று. நடுவில் கோடுகள். பால் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டால் கோட்டைப் பிடித்துக்கொண்டே வண்டிக்குப் போய்விடலாம். பால் புள்ளியைச் சீக்கிரம் கண்டுபிடிக்க, அதில் பதிந்திருக்கும் மாட்டின் காது வில்லை எண்ணுக்கு, பன்னிரண்டு இலக்கம், இன்டெக்ஸ் என்கிற அடுக்குப் பட்டியலும் போட்டிருந்தேன்.

ஒரு காலை, பால் ஊற்றும் செல்வி ஓடி வந்தாள். மருந்தடித்த மக்காச்சோளத்தை மேய்ந்துவிட்டு அவள் மாடு நுரைதள்ளிக் கிடந்தது. தெரியாமல் அதன் பாலை விடிகாலையில் ஊற்றிவிட்டாள். வண்டிகள் எல்லாம் போய்விட்டன. அதில் ஒன்று வெள்ளிமலை விடுதிப் பிள்ளைகளுக்கு. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் டவர் கிடைக்காது.

எல்லா டிரைவருக்கும் போன் போட்டு நிறுத்தியிருக்கலாம். (அது மூளை உள்ளவன் செய்வது.)

"கண்ணு சிமிட்டறதுக்குள்ள கம்ப்யூட்டர் சொல்லிடும்மா. காது நம்பர்ல கடைசி நாலு சொல்லு."

(நம் பக்கம் மாட்டை யாரும் முழு எண்ணால் சொல்வதில்லை.) முழு எண்ணும் போட்டோவில் இருக்கிறது என்று செல்வி போனை நீட்டினாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, 'இந்த நாலில் முடியும் எண் எது' என்று கேட்டேன்.

திரையில் வட்டம் சுற்றியது. இன்டெக்ஸ் எண்களை முதல் இலக்கத்திலிருந்து அடுக்கி வைத்திருக்கிறது. வாலை மட்டும் காட்டினால் அதற்கு உதவ வழியில்லை. அதனால் அந்தப் பழைய பெட்டி ஐந்து வருஷப் பாலையும் ஒவ்வொரு வேளையாக முகர்ந்துகொண்டிருந்தது. என் வியர்வை கீபோர்டில் சொட்டியது. செல்வி சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள்.

"கண்ணு சிமிட்ட இம்மா நேரமாண்ணா?" என்று கேட்டு, போனை என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

தேடலை நிறுத்திப் பன்னிரண்டு இலக்கங்களையும் அடித்தேன். விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. வெள்ளிமலை வண்டி.

அந்த டிரைவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுபோகும் நேரத்தில் டிரைவர் எடுத்தார்.

"இன்னாப்பா, மொத வளைவு ஏறிக்கினு கீறேன்."

"நிறுத்துண்ணே. பால மொத்தமா கொட்டிடு. ஒரு சொட்டு மேல போவக்கூடாது."

கொட்டிவிட்டார். மாட்டு டாக்டர் வந்து மாடும் பிழைத்தது.

நான் சாவியைத் தேடும்போதெல்லாம் உங்கள் அம்மா, "கடைசி நாலு சொல்லட்டுமா?" என்று கேட்பதும் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பதும் இதனால்தான்.

அவளுக்கும் தெரியாத ஒன்று உண்டு. அன்று மதியம் மண்வெட்டியோடு நான் மட்டும் அந்த முதல் வளைவுக்குப் போனேன். சாலையோரப் பள்ளத்தில் பால் வெள்ளையாகத் தேங்கி நின்றது. நாய் வந்து நக்குவதற்குள் மண்ணைத் தள்ளி மூடினேன்.