ரோமாபுரிக் கல்லறைக்குள் ஒரு சர்வேயர்

விளங்காததை விளங்கியது போலத் தலையாட்டுவது ஒரு வியாதி. அது எனக்கு எந்த வயதில் தொற்றியது என்று தெரியவில்லை. முப்பத்தைந்தாவது வயதில் நன்றாக முற்றியிருந்தது என்பது மட்டும் தெரியும். அந்த வருஷம்தான் நான் ரோமுக்குப் போனேன்.

நான் ஒரு சர்வேயர். வீடு கல்முனையில். இறக்காமம், வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயல்களில் என் கால் படாத வரம்பு குறைவு. எல்லைச் சண்டையில் இரண்டு பக்கத்தாரும் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நிற்கும்போது நடுவில் போய்க் கல் நட்டுவிட்டு வருகிறவன். அந்தத் தொழில் தருகிற மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. "கண்ணக் கட்டிக் காட்டுல விட்டாலும் வீடு வந்து சேருவன்" என்று கலியாண வீடுகளில் சொல்லித் திரிந்தேன். (யாரும் கேட்டதில்லை. நானாகத்தான் சொன்னேன்.)

என் மனைவியின் தம்பிக்கு ரோமில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் பேத்தியைப் பார்க்க மாமி ஆசைப்பட்டார். தனியாக விமானம் ஏற அவருக்குத் துணிவில்லை. மனைவிக்கோ பிள்ளைகளின் பரீட்சை. கடைசியில், இங்கிலீஷ் தெரிந்த மருமகன் என்ற பட்டத்தோடு நான் துணைக்குப் போனேன்.

இரண்டு கிழமைக்குள் மாமிக்கு மாளிகையும் சிலையும் அலுத்துவிட்டன. ஒருநாள் சாப்பிடும்போது மகனிடம் கேட்டார்.

"இந்த ஊருல மவுத்தானவங்கள எங்க மகன் அடக்குற?"

"இப்ப வேற இடம் உம்மா. முந்தி வேதக்காரர், கிறிஸ்தவ ஆக்கள், நிலத்துக்குக் கீழ சுரங்கம் வெட்டி அடக்கியிருக்காங்க. போய்ப் பாக்கலாம்."

"அப்ப அதப் பாப்பம்."

மறுநாளே மச்சான் இரண்டு டிக்கட் எடுத்துத் தந்து, எங்களை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனான். போகும்போது வீட்டு விலாசம் எழுதிய இரண்டு அட்டைகளை எங்கள் இருவர் கழுத்திலும் மாட்டிவிட்டான். "தவறினா ஆருக்கும் காட்டுங்க மச்சான்" என்றான். எனக்கு அவமானமாக இருந்தது. எழுத்து வெளியே தெரியாதபடி அட்டையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நான் அன்று போட்டிருந்தது நிறையப் பைகள் வைத்த என் வெளிக்கள வேலைச் சட்டை. அதன் மேல் அந்த அட்டையும் தொங்கியபோது ஏதோ ஓர் அதிகாரி போல இருந்தேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

வழிகாட்டி ஓர் இத்தாலியப் பெண். இருபது பேர் கொண்ட கூட்டம். கைப்பைகளையெல்லாம் மேலே வாங்கி வைத்துவிட்டு, படியிறங்கும் முன் அவள் இங்கிலீஷில் நீளமாக ஒன்று சொன்னாள். அவள் பேசியதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு விளங்கியது. மிச்சத்துக்குத் தலையாட்டினேன்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"படி வழுக்குமாம் மாமி. கவனமா வரட்டாம்."

"அவ்வளவு நேரமா படியப் பத்தியா சொன்னா?"

"நிறையப் படி."

கீழே குளிர்ந்த மண் வாசனை. இரண்டு பேர் ஒட்டி நடக்கிற அகலத்தில், மங்கலான மின்விளக்குகளின் கீழே கபில நிறப் பாதை. இரு பக்கச் சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை தட்டுத் தட்டாகக் குடைந்த குழிகள். உடலைத் துணியால் சுற்றி, உள்ளே வைத்து, வாயைக் கல்லால் மூடுவார்களாம். இது எனக்கு நன்றாக விளங்கிய பகுதி. மாமி தலையசைத்தார். "நம்மட கபன் மாதிரித்தான்" என்றார்.

ஒரு கல்லில் மீன் கீறியிருந்தது. வழிகாட்டி அதைப் பற்றி ஏதேதோ எழுத்துக்களைச் சொல்லி விளக்கினாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இது கடல் தொழில் செஞ்ச ஆக்கள்ட கபுறு" என்றேன்.

"இஞ்ச எங்க மருமகன் கடல்?"

"அப்ப இருந்த."

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. அந்த மரியாதைதான் அவரிடம் எனக்குப் பயம்.

கொஞ்சத் தூரம் போனதும் ஒரு திருப்பத்தில் மாமி நின்றுவிட்டார். அங்கே சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஒரு முழ நீளம்கூட இருக்காது.

"இதெல்லாம் சின்னப் புள்ளையளோ?"

"ஓம் மாமி."

அவர் அந்தக் கல்லைத் தொடாமல் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கும் மூத்தது ஒண்டு இருந்த. நாப்பது நாளோட போயிற்று" என்றார். நான் அவர் மகளைக் கலியாணம் முடித்து எட்டு வருஷம். இது எனக்குத் தெரியாது. "ஆர்ட புள்ளையெண்டாலும் ஒரு உம்மா பெத்ததுதானே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அவர் கண்ணைத் திறந்தபோது கூட்டம் போய்விட்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் நின்றார்கள். எழுபது தாண்டியவர்கள். கிழவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சயே நிப்பம்" என்றார் மாமி.

"என்னத்துக்கு மாமி? நான் சர்வேயர். வாங்க."

நான் நடந்தேன். நடந்த விதத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். என் சட்டையையும் அட்டையையும் பார்த்த அந்தத் தம்பதி நம்பிப் பின்னால் வந்தார்கள். வலது பக்கம் திரும்பினேன். பிறகு இடது. பிறகு ஒரு நாற்சந்தி. நாலு பக்கமும் ஒரே மாதிரிக் குழிகள், ஒரே மாதிரி மண். எதையாவது சொல்ல வேண்டுமே என்று ஒரு வெறுங்குழியைக் காட்டி, "வெரி ஓல்ட்" என்றேன். கிழவி பக்தியோடு எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு வியர்க்கத் தொடங்கியது. நின்று, கைபேசியை எடுத்துத் திசைகாட்டியைப் பார்த்தேன். முள் வடக்கைத் தேடி வட்டமடித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்ற மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விளக்குகள் அணைந்தன.

அந்தக் கணத்தில் கைபேசி என் கையிலிருந்து நழுவியது. அது தரையில் விழுந்து வழுக்கி, காலடியில் இருந்த ஒரு குழிக்குள் போன சத்தம் கேட்டது. கையை விட்டால் எடுத்துவிடலாம். ஆனால் ஆயிரத்தைந்நூறு வருஷமாக ஒருவர் படுத்திருந்த இடத்துக்குள் இருட்டில் கையை விடுவதற்கு என்னால் ஏலவில்லை.

"ஆரும் அசைய வேணாம்" என்றேன் தமிழில். "நோ மூவ்" என்றேன் இங்கிலீஷில். எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவ்வளவு கீழ்ப்படிவான கூட்டம் எந்த வழிகாட்டிக்கும் கிடைத்திருக்காது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. என் மூளை அதற்குள் என் ஜனாஸாவையே எடுத்து அடக்கி முடித்துவிட்டது. திடீரென்று ஏதோ ஒன்று குளிராக என் கழுத்தில் பட்டது.

"உம்மோ" என்று நான் போட்ட சத்தம் நாலு சுரங்கத்திலும் ஓடித் திரும்பி வந்தது.

"நான்தான், மருமகன்" என்றது மாமியின் குரல். "கத்தாதீங்க. நான் ஒண்டு கேக்கட்டா? நம்மட கல்முனப் புடவக்கட மாடிப்படியில ஒரு லைட் இரிக்கெல்லா?"

"இப்ப எதுக்கு மாமி புடவக்கட?"

"ஆள் நடந்தா பத்தும். சும்மா நிண்டா நூந்திரும். இதும் அந்த ஜாதியோ எண்டு பாப்பம்."

அவர் இரண்டு எட்டு நடந்து கையை வீசினார். விளக்குகள் எரிந்தன.

நாங்கள் அசையாமல் நின்றதால்தான் இருட்டு. அசைய வேண்டாம் என்று இரண்டு மொழியில் கட்டளை போட்டவன் நான். வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எதிர்ச்சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்திருந்தோம். மாமி குனிந்து, பிஸ்மி சொல்லி, குழிக்குள் கையை விட்டு என் கைபேசியை எடுத்துத் தந்தார்.

என் சத்தத்தைக் கேட்டு வழிகாட்டி ஓடி வந்தாள். எங்களை எண்ணினாள். மூச்சு வாங்க என்னிடம் பேசினாள். அந்த முறை முழுக்க விளங்கியது. தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று தான் மேலே சொன்னதைக் கேட்டு நடந்ததற்கு நன்றி என்றாள்.

நான் தலையாட்டினேன். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வெள்ளைக்காரக் கிழவி என் தோளைத் தட்டி, இந்த அதிகாரி எங்களுக்கு வேறு பல சுரங்கங்களையும் காட்டினார், மிகவும் நல்லவர் என்று மனமாரச் சொன்னார்.

வழிகாட்டியின் முகம் மாறியது. என் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். 'நான் வழி தவறிவிட்டேன். தயவுசெய்து என்னை இந்த விலாசத்தில் சேர்க்கவும்' என்று மச்சான் பெரிய எழுத்தில் இத்தாலிய மொழியில் எழுதியிருந்தானாம். அவள் அதை வாய்விட்டு வாசித்து இங்கிலீஷிலும் சொன்னாள். கிழவர் முதலில் சிரிக்கவில்லை. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"இவ என்ன சொல்றா?" என்றார் மாமி.

"படி வழுக்குமாம்."

"அவ மேல வெச்சே கையக் காட்டிச் சொன்னாளே, தவறினா அந்த இடத்திலேயே நிக்கட்டாம் எண்டு. எனக்கே வெளங்கிச்சு."

அதன் பிறகு மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். மேலே வெயில் தெரியும் வரை விடவில்லை. இருபது பேருக்கு முன்னால், வழிகாட்டிக்குப் பக்கத்தில், மாமி கைப்பிடித்து என்னை நடத்தினார்.

ஊருக்கு வந்ததும் மாமி இதை எவரிடமும் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு கிழமைதான். போன மாதம் மருதமுனையில் ஒரு கலியாண வீட்டில், எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெண் மாமியிடம், "இவருதானா ஒங்கள கபுறுக்குள்ள கொண்டு போய் உசிரோட திருப்பிக் கொண்டந்த மருமகன்?" என்று கேட்டார்.

மாமி புரியாணியைப் பிசைந்தபடி அமைதியாகத் திருத்தினார்.

"கொண்டு போனது அவரு. கொண்டந்தது நான்."