நாகல் நகரில் ஒரு பனிமூட்டம்

சித்திரை வெயிலில் திண்டுக்கல்லுக்குப் பனியைக் கொண்டுவந்த ஒரே மனிதர் எங்கள் நாகல் நகர் 'பனிமூட்டம்' அண்ணன்தான். கொடைக்கானல் பனி கடவுள் கொடுத்தது. எங்கள் பனி இவர் கொடுத்தது. வேண்டாம் என்று காலில் விழுந்தாலும் கொடுப்பார்.

தொழில், ப்ளெக்ஸ் பேனர் டிசைன். எங்கள் ஊர் பேனருக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளங்கை அகலம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. காதுகுத்து என்றால் குழந்தையின் முகம் மூலையில் பொட்டு அளவுக்கு இருக்கும். மிச்ச இடமெல்லாம் சித்தப்பா, பெரியப்பா, சித்தப்பாவின் கூட்டாளிகள். அண்ணனும் பல வருஷம் இந்த வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தார். ஒருநாள் யாரோ அவர் செல்போனுக்குச் சீனா, ஜப்பான் நாட்டுப் பழைய மை ஓவியங்களை அனுப்பிவிட்டார்கள். ஒரு மலை, கொஞ்சம் பனி, ஓரத்தில் ஒரு படகு. மீதி வெள்ளை. அன்றோடு மனிதர் கெட்டார்.

அடுத்து வந்த காதுகுத்து பேனரில் தாய்மாமனைக் காணவில்லை. அவர் இருக்கவேண்டிய இடத்தில் பனி. சீர்த்தட்டோடு வந்த தாய்மாமன் பேனரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தட்டோடு பஸ் ஸ்டாண்டை நோக்கித் திரும்பினார்.

"எம் மச்சான் எங்கண்ணே?" என்று குழந்தையின் அப்பா சண்டைக்கு வந்தார்.

"உள்ளதான்யா இருக்காரு. பனி வெலகுனா தெரிவாரு" என்றார் அண்ணன்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் பாட்டு சிக்கியது. நான் லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். திருவிழா மேடைகளில் அடுத்தவர் பாட்டையே வாசித்து வாசித்து, ஒருவழியாகச் சொந்தமாக ஒன்று போட்டேன். மழைக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. இணையத்தில் ஏற்றினேன். என் வீட்டாரைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை; வீட்டாரும் கடைசிவரை கேட்டதற்குச் சாட்சி இல்லை. படம் ஒன்று சேர்த்தால்தான் பாட்டு பிழைக்கும் என்ற நிலை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒருவர் பணம் போட்டுக் கைகொடுக்க வந்தார்.

"கோயமுத்தூர்ல நம்ம பையன் ஒருத்தன் அனிமேஷன் பண்ணிக் குடுப்பானுங்க. என்னென்ன வரோணும்னு ப்ளான் மட்டும் காட்டுங்க. புடிச்சாத்தான் மேக்கொண்டு பேச்சு."

ப்ளான் போட எனக்கு அண்ணனைவிட்டால் போக்கிடம் இல்லை. அவர் அச்சில் பிழையாகிப்போன ப்ளெக்ஸ் சுருள் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி விரித்தார்.

"ஏலே அப்பு, அந்த ஊர்ல நீளப் படத்தச் சுருட்டி வச்சிருப்பாக. கொஞ்சங் கொஞ்சமா விரிச்சுப் பாப்பாக. அதுவே வீடியோதான். நம்ம அத ஓட விடணும், அம்புட்டுத்தேன்."

கறுப்பு மையில் சிறுமலை எழுந்தது. அதன்மேல் பனி. ஒரு கொக்கு.

"பாட்டுல வர்ற பொண்ணு எங்கண்ணே?"

காட்டினார். எறும்பு அளவில் இருந்தாள்.

"மொகம்?"

"மழைக்குக் காத்துக் கெடக்குறவ மொகத்த நீ எதுக்குப் பாக்குற? அவ பாக்குற வானத்தப் பாரு."

எனக்கு எரிச்சலாக இருந்தது. சரிதான் என்றும் பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாட்டின் நடுவில் கீபோர்டு மட்டும் வரும் இடத்துக்கு, ஓர் ஆட்டோ நீளம் வெறும் வெள்ளையாக விட்டிருந்தார். இங்கே என்ன வரும் என்று கேட்டேன். "ஒண்ணும் வராது. கண்ணுக்கு வேல குடுத்தா காது தூங்கிரும், அப்பு. அங்க உன்னத்தேன் கேக்கணும்" என்றார்.

காட்டும் நாளன்று சுருளை டீக்கடையிலிருந்து டிரான்ஸ்பார்மர்வரை சுவர் நெடுகக் கட்டினோம். செல்போனில் பாட்டை ஓடவிட்டு, அந்த ஊர் வழக்கப்படி வலமிருந்து இடமாக நடக்க வேண்டும். குடும்பத்தோடு வேனில் வந்திறங்கிய மண்டிக்காரர் நம் ஊர் வழக்கப்படி இடமிருந்து நடந்தார். பாட்டில் அவள் மழை கேட்டு அழ, படத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. கொக்கு வாலை முன்னே நீட்டிப் பறந்தது.

திருப்பி நடக்க வைத்தோம். வெள்ளை இடம் வந்ததும் நின்றார். "ஏனுங்க, இத்தனை எடம் சும்மா கெடக்குதுங்களே! நம்ம வீட்டாளுக போட்டோவ இதுல போட்டிருங்க. பையன் கல்யாணம் வேற வருதுங்க."

தாய்மாமனுக்கே இடம் கொடுக்காதவர் மண்டிக்காரருக்கா கொடுப்பார்? என் பாட்டு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார்.

"மொதலாளி, அந்த ஊர்ல படத்துக்குச் சொந்தக்காரவுக மொகத்தப் போட மாட்டாக. செவப்பு முத்திரை குத்துவாக. ராசாவே குத்தியிருக்காரு."

மண்டிக்காரர் முகத்தில் விளக்கெரிந்தது. மூட்டைகளுக்கு மார்க் குத்தும் வட்ட அச்சும் சிவப்பு மையும் வேனிலேயே இருந்தன. ஒன்று குத்துவார் என்றுதான் நினைத்தோம். அவர் குத்தினார், மனைவி குத்தினார், மகன் குத்தினான், வரப்போகும் மனைவிக்கும் சேர்த்து. டிரைவர் ஆசைப்பட்டார். டீக்கடைக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை இடத்துக்கு அம்மை போட்டுவிட்டது.

அண்ணன் தூரிகையை எடுத்தார். முத்திரைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு இழுத்தார். கோடு கிளையானது, கிளை மரமானது. மார்க்கெல்லாம் பூவாகிவிட்டது. "இதுல எம்பட பூவு எதுங்க?" என்று தேடிக்கொண்டே மண்டிக்காரர் சம்மதம் சொன்னார்.

வேன் போனதும், "உங்க காலி எடம் போச்சேண்ணே" என்றேன்.

"போனாப் போகுது. எனக்கு நாளைக்கு வேற வெள்ளை கெடைக்கும். ஒனக்கு இருக்கது இந்த ஒரு பாட்டுத்தானலே."

நான் டீ கிளாஸை முகத்துக்கு நேரே தூக்கினேன். டீயைக் குடித்துச் சமாளித்தேன்.

கோயமுத்தூர்ப் பையன் அனிமேஷனை முடித்து அனுப்பினான்; பாட்டோடு சேர்த்து இணையத்தில் ஏற்றினேன். சமீபத்தில் பழனிப் பக்கம் ஒரு கச்சேரியில் முன்வரிசை அம்மா ஒருவர், "அந்தச் செவப்புப் பூப் பாட்ட வாசியுங்க தம்பி" என்று கேட்டார். அடுத்தவர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அதை வாசித்தேன்.

இப்போது வீடு கட்டிவிட்டேன். புதுமனை புகுவிழா பேனருக்கு அண்ணனிடம் போய், "உங்க இஷ்டம்ணே" என்றேன். அவர் கண்கள் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். வாசலில் பெரிதாகக் கட்டியிருக்கிறோம். முழுக்க வெள்ளை, ஓரத்தில் எறும்பு அளவில் ஒரு வீடு.

"நம்ம மொகமெல்லாம் எங்க மாப்ள?" என்று மாமனார் அண்ணாந்து பார்த்தார்.

"உள்ளதான் மாமா இருக்கோம். பனி வெலகுனா தெரிவோம்" என்றேன்.