நடுவில் சிவப்பு கிடையாது

"அந்தத் தட்டு எனக்கு வேணும். சுண்டல் தாளிச்சு எறக்கியாச்சு," என்றாள் சங்கரி.

கார்த்திகேசன் தட்டை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டார். தட்டிலிருந்த தண்ணீரில் ஆறு ஸ்டிக்கர் வட்டங்கள் ஊறிக்கொண்டிருந்தன. வெளியே நீலம், நடுவில் வெள்ளை. எட்டணாக் காசளவுகூட இருக்காது.

"ரெண்டு நிமிசம் பொறு. இது லண்டன்ல இருந்து வந்தது."

"சுண்டல் நம்ம அடுப்புல இருந்து வந்தது. ஆறிப் போவும்."

கார்த்திகேசன் பாளையங்கோட்டையில் வேளாண்மை அலுவலகக் கண்காணிப்பாளர். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவதைப் பற்றித் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இது விளையாட்டு விமானம் இல்லை. உலகப் போரில் பறந்த ஹரிக்கேன் சண்டை விமானம், அச்சு அசலாக ஒரு சாண் நீளத்துக்குச் சுருங்கியது. சிங்கப்பூர் மைத்துனர் அனுப்பிய பெட்டி. அப்பா திருஞானசம்பந்தம் பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருந்தபோது இந்த விமானங்களோடுதான் இருந்தார்.

போர் முடிந்து ஐம்பது வருஷமானதற்காக, முன்னாள் படைவீரர்கள் விஜயதசமியன்று காலை விழா எடுக்கிறார்கள். அப்பாவுக்குப் பொன்னாடை. மேடையில் அவர் பக்கத்தில் இந்த விமானம் நிற்க வேண்டும் என்பது கார்த்திகேசனின் ஆசை. ஆசைகூட இல்லை, வைராக்கியம்.

காரணம், எதிர்வீட்டு மரக்கடை வன்னியராஜ்.

"ஒம்ம அப்பா பட்டாளத்துல சாம்பார் வெச்சவருன்னுல்லா எங்க பெரியப்பா சொல்லுவாரு," என்று அவர் ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் கேட்டால் ஐம்பது வருஷமாக ஒரே பதில்தான். "ஒரு ப்ளேனைக் காப்பாத்துனேம்லே. அவ்வளவுதான்." எப்படி என்று கேட்டால் குளிக்கப் போய்விடுவார். மிச்சத்தைக் கார்த்திகேசனே சேர்த்துக்கொண்டார். தெருவைப் பொறுத்தவரை, அப்பா குண்டுமழைக்கு நடுவே இஞ்சினைக் கழற்றி மாட்டிய மெக்கானிக்.

பெட்டியோடு வந்த, நடுவில் சிவப்பு வைத்த விமானப்படை அடையாள வட்டங்களைப் பார்த்ததும் மட்டும் அப்பா வாய் திறந்தார்.

"நடுவுல சிவப்பு கிடையாதுலே. பர்மாவுல சிவப்பு இருந்தா அது ஜப்பான்காரன் ப்ளேனு. நம்மாளே சுட்டுப் போட்டுருவான்."

அந்த ஒரு சொல்லுக்காக லண்டனுக்கு எழுதி, மூன்று மாதம் தபால்காரர் முகத்தைப் பார்த்துக் கிடந்து, இந்த ஆறு வட்டங்களையும் வரவழைத்திருந்தார் கார்த்திகேசன்.

தட்டுச் சண்டை முடிந்து திரும்பிப் பார்த்தால், இரண்டு நிமிஷம் ஊற வேண்டியது இருபது நிமிஷம் ஊறியிருந்தது. வட்டங்கள் காகிதத்தை விட்டு மிதந்தன. பசை முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டது. எடுத்து இறக்கையில் வைத்தார். நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடி நழுவியது.

"சோத்துக் கஞ்சி தடவுங்க," என்றாள் சங்கரி, தட்டைக் கழுவிக்கொண்டே.

"லண்டன் ஸ்டிக்கருக்குக் கஞ்சியா?"

"லண்டன்காரன் பசைதான் நம்ம தண்ணியில நிக்கலையே."

கஞ்சி பிரமாதமாக ஒட்டியது. மேலே இரண்டு, அடியில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. கார்த்திகேசன் தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே கண் கலங்கியது. மத்தியானம் வந்து பார்த்தபோது இடது இறக்கையில் எறும்பு வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது.

ஊதினார். எறும்புகள் விமானி உட்காரும் இடத்துக்குள் போயின. தட்டினார். வலது இறக்கைக்கு வந்தன. பைய ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். வீட்டில் எறும்பு ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான். பூஜை அறையில், நாலு காலுக்கும் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்து, பொரியும் வெல்லமும் வைத்திருந்த முக்காலி. விமானத்தை அதன்மேல் வைத்தார். அப்பாவின் கோட்டை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்.

அன்று ஆயுத பூஜை என்பதை மனிதர் யோசித்திருக்கலாம்.

திரும்பி வந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. அரிவாள்மணை, தையல் மிஷின், ஸ்கூட்டர் சாவி, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. வரிசையின் கடைசியில் விமானம்.

"அதை ஏன் எடுத்து வெச்ச?"

"சண்டை போடுத ப்ளேனுன்னா ஆயுதந்தான? இந்த வீட்டுல உருப்படியான ஆயுதம் அது ஒண்ணுதான்."

அப்பாதான் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். விமானத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குங்குமத்தைத் தொட்டு, வெள்ளை வட்டத்தின் நட்ட நடுவில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விமானத்தைத் திருப்பிப் பிடித்து அடியிலும் இரண்டு வைத்தார். கை நடுங்கவே இல்லை.

"அப்பா, நீங்கதான நடுவுல சிவப்பு கிடையாதுன்னு சொன்னிய?"

"ஆமா."

"இப்போ நீங்களே வெச்சிருக்கிய."

"ஆயுத பூஜைல்லாலே," என்றார் அப்பா.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று கார்த்திகேசன் முதன்முதலாக நினைத்தார். துடைக்கலாம் என்று கை நீட்டினார்.

"பூஜையில வெச்சதை நாளைக்கு மறுபூஜை முடியாம தொடப்படாது," என்று சங்கரி கையைத் தட்டிவிட்டாள்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்தபோது விழாவுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஈரக் கஞ்சியில் குங்குமம் ஊறி, ஸ்டிக்கரோடு ஒன்றாகிப் போயிருந்தது. கார்த்திகேசன் நனைந்த துணியால் ஒற்றினார். பொட்டு பெரிதானது. தேய்த்தார். வெள்ளை முழுக்கச் சிவப்பானது. சைவ வீட்டில் வெள்ளைக்கா பஞ்சம் என்று திருநீற்றைக் குழைத்துப் பூசினார். விமானம் திருச்செந்தூர் போய்விட்டு வந்தது போல் இருந்தது. அதைத் துடைத்தபோது சிவப்பு முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"இருக்கட்டும்லே," என்றார் அப்பா, கோட்டை மாட்டிக்கொண்டே. "நல்லாத்தான் இருக்கு."

வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. விமானத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டார் கார்த்திகேசன். துண்டை எடுக்காமலே விழா முடிந்துவிட வேண்டும் என்று நெல்லையப்பரை வேண்டிக்கொண்டார்.

விழா மண்டபத்தில் முதல் வரிசையில் வன்னியராஜ் உட்கார்ந்திருந்தார். அப்பாவை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கார்த்திகேசன் துண்டோடு விமானத்தை மேஜையில் வைத்துவிட்டு, அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டார்.

"என்னவே மூடி வெச்சிருக்கீரு? ஒரு மாசமா தெருவெல்லாம் சொன்னீரே, காட்டும்," என்று வன்னியராஜ் எழுந்து வந்து துண்டை உருவினார்.

மண்டபம் பார்த்தது. வன்னியராஜும் குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"நடுவுல செக்கச்செவேல்னு இருக்கு. இது ஜப்பான்காரன் ப்ளேனுல்லா? ஒம்ம அப்பா எந்தப் பக்கம்வே சண்டை போட்டாரு?"

சிரிப்பு பின்வரிசை வரை போய் வந்தது. கார்த்திகேசனுக்குத் தன்னைப் பார்த்துச் சிரித்தது பெரிதாகப் படவில்லை. பொன்னாடையோடு நின்ற அப்பாவைத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூன்று மாதம் காத்திருந்து தேடிய மரியாதையைத் தன் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டோம் என்று தோன்றியது.

அப்போது மேடையின் ஓரத்தில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்தார். புன்னக்காயலிலிருந்து வந்திருந்த மிக்கேல் பர்னாந்து. போரில் பீரங்கிப் படையில் இருந்தவர் என்று சற்று முன்புதான் அறிவித்திருந்தார்கள். தடியை ஊன்றி வந்து, விமானத்தைக் கையில் எடுத்து, முதல் வேலையாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"நாந்தான் ஐயா. ஸ்டிக்கர் தப்பாப் போச்சு."

"தப்பா? எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கி இது." கிழவர் அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார். "சம்பந்தம், நீரு மகங்கிட்டகூடச் சொல்லலியா?"

அப்பா தரையைப் பார்த்துச் சிரித்தார்.

பர்னாந்து மண்டபத்தின் பக்கம் திரும்பினார். "நாப்பத்துமூணாம் வருசம், ஆயுத பூஜை. நம்ம ப்ளேனு எதுலயும் நடுவுல சிவப்பு கிடையாது. இந்த மனுசன் என்ன செஞ்சாரு, குங்குமத்தைக் கொழைச்சு, ஒரு ப்ளேனுக்கு மேலயும் கீழயும் தோசைக்கல்லு அகலத்துல பொட்டு வெச்சுட்டாரு. மத்த மூணுக்கும் வைக்கதுக்குள்ள அபாயச் சங்கு ஊதிட்டான். நாலும் கெளம்பிப் போச்சு. திரும்பி வரையில பாக்கேன், ஒண்ணுல அடியில செவப்பு. ஜப்பான்காரன் வந்துட்டான்னு பீரங்கியைத் திருப்பிட்டேன். இவரு கரண்டியோட ஓடி வந்து, குழாய்க்கு முன்னால நெஞ்சைக் காட்டிட்டு நின்னாரு. 'சுடாதேவே, அது நான் வெச்ச பொட்டு'ன்னாரு."

கார்த்திகேசன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பீரங்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டியவர் தன் அப்பா.

வன்னியராஜுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "கரண்டியோடன்னா, அப்போ சமையக்காரர்தான அண்ணாச்சி?"

"சமையக்காரருதான் வே," என்றார் பர்னாந்து. "அன்னைக்குப் போன நாலு ப்ளேன்ல மூணு சல்லடையாத்தான் வந்து சேந்துச்சு, ஜப்பான்காரன் தன் ஆளுன்னு நெனச்சு ஒரு ஓட்டைகூடப் போடாம விட்டது, சமையக்காரர் பொட்டு வெச்ச இந்த ஒண்ணைத்தான்."