சபிதாவுக்காக மூடிய மதகு

மதகுப் பலகையை இறக்கி மூன்று நாளாகியும் குளத்து நாற்றம் போன பாடில்லை. ஹராதன் நஸ்கரின் மூக்குக்கு அது தெரியாது. முப்பது வருஷமாக அதிலேயே கிடந்த மூக்கு. வெளியாள் யார் வந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தபால்காரர் இன்றும் கைக்குட்டையோடுதான் வந்தார்.

கல்கத்தாவின் சாக்கடை இந்தக் குளங்களுக்குத்தான் வந்து சேரும். வெயில் பட்டால் பாசி பிடிக்கும். பாசியைத் தின்று ரோகுவும் கட்லாவும் கொழுக்கும். கொழுத்த மீனைக் கல்கத்தாவே வாங்கித் தின்னும். யாருக்கும் குறையில்லாத ஏற்பாடு.

குறை அவர் மனைவி சபிதாவுக்குத்தான். தங்கை மகள் கல்யாணத்தில் அவள் உட்கார்ந்த வரிசையில் மூன்று நாற்காலி காலியாகவே கிடந்ததாம். "இந்த நாத்தம் போனாத்தான் வருவேன்" என்று தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டாள். பதினாறு நாளாயிற்று. போனையும் எடுப்பதில்லை.

அரை மைல் தள்ளிக் குளம் வைத்திருக்கும் சுபோல் வந்தான்.

"என்னண்ணே, மதகை மூடிட்டீங்களாமே! மீனுக்கு இனிமே என்ன போடுவீங்க, சந்தன சோப்பா?"

"வாயை மூடுடா."

"மூடறேன். ஆனா உங்க பங்கு சாக்கடையும் என் குளத்துக்குத்தான் வருது. என் மீனெல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி ஊதிப் போச்சு. அண்ணி இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வரட்டுமே!"

ஹராதனின் மீன்களோ பாசியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. பாவம் பார்த்துக் கடுகுப் பிண்ணாக்கைக் கொட்டினார். அது ஊறிப் புளித்து நாறியதில், தபால்காரர் கடிதங்களைச் சாலைத் திருப்பத்திலேயே வைத்துவிட்டு ஓடினார்.

பிண்ணாக்கை அடக்கச் சுண்ணாம்பு கொட்டினார். சுண்ணாம்பில் மீன்கள் மல்லாந்தன. மிச்சம் பிழைத்ததையாவது காப்பாற்ற வேண்டுமே என்று வலை போட்டு அள்ளி சுபோல் குளத்தில் விட்டார். சுபோல் வேண்டாமென்று சொல்லவில்லை.

பத்தே நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. தபால்காரர் கைவீசிக்கொண்டு வந்து மூச்சை ஆழமாக இழுத்தார்.

"அட, காத்து நல்லாருக்கே!"

ஹராதன் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. உடனே சபிதாவுக்குப் போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது.

அதன்பின் மூன்று நாள் கரையிலேயே கிடந்தார். மார்கழிப் பனி, நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானமானால் இந்தக் கரையில் நின்றுதான் அவள் கத்துவாள்: "சாப்பிட வர்றீங்களா, மீனோடயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" அந்தச் சத்தத்துக்காக அவர் மனசு ஏங்கிச் செத்தது. மீன் போனால் போகட்டும். அவள் வந்து திட்டினால் போதும்.

"நாத்தம் போயும் அண்ணி வரலையே" என்றான் சுபோல். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"கோபம் நாத்தத்து மேல இல்லடா. என் மேலதான் போலிருக்கு."

அப்போது பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் தட்டுத் தடுமாறி வந்தான். பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறவன் என்பது கையிலிருந்த சாவியில் தெரிந்தது.

"பெரியவரே, ஹராதன் நஸ்கர் குளம் எங்கங்க இருக்கு?"

"இதுதான். நான்தான் ஹராதன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நல்லாருக்குங்க! நான் இந்தப் பக்கம் புதுசு. மூணு நாளா காலையில ஒரு அம்மாவை ஏத்திக்கிட்டு வர்றேன், 'நாறினா நாறட்டும், எனக்கு எங்க வீட்டுக்குப் போகணும்'னு ஒரே அழுகை. இந்தத் திருப்பத்துக்கு வந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துட்டு, 'நாத்தத்தையே காணோம், இது எங்க ஊரே இல்ல, வழி தப்பிட்டே, வண்டியைத் திருப்புடா'ன்னு தினம் திட்டறாங்க!"