நங்கூரம் போனது சகுனத்தால் அல்ல

லாங் ஐலண்ட்,
பிப்ரவரி 2011

மரியாதைக்குரிய பக்தவத்சலம் அவர்களுக்கு,

போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்ம் வீட்டில் தாங்களும், தங்கள் துணைவியார் ஜெயமணி அம்மாளும், தங்கள் மகன் சிவபிரகாஷ் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி அங்கம்மாவும் மகள் நளினியும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்கான காரணத்தைத் தாங்கள் நேரில் பார்த்தீர்கள். 'அன்புள்ள சம்பந்தி' என்று தொடங்கத்தான் ஆசை. தங்கள் முடிவு தெரியாததால் கையை அடக்கிக்கொண்டேன்.

நேற்று அபர்டீன் பஜாரிலிருந்து நம் தரகர் கோவிந்தராஜ் போன் செய்தார். "அண்ணே, மாப்பிள்ளையோட அம்மா சகுனம் சரியில்லங்கிறாங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துல பட்டுச்சேலை நனைஞ்சுது, குங்குமம் கொட்டிச்சு, கடைசில படகே போயிருச்சு. கடலம்மாவே வேணாங்குறான்னு அழுவுறாங்க" என்றார். நளினிக்கு இதற்கு முன் வந்த வரன்கள் ஜாதகத்தால் போயின. அதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். இதுவும் போனால், 'கடல் வேண்டாமென்ற பெண்' என்ற பேர் கப்பல் ஏறித் தீவு தீவாகப் போய்விடும். பிறகு எவன் வருவான்? ஆகவே அன்று நடந்த எதிலும் சகுனம் இல்லை, எல்லாம் என் மடத்தனமே என்று நிரூபிக்கத்தான் இந்தக் கடிதம். சாட்சிகள் நிறைய இருப்பதால் சிரமமில்லை.

முதலில் என் தகுதி. நான் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தே ரிட்டயரானவன். 'ஷிப்பிங்ல இருந்தவரு' என்று ஊரார் சொல்லச் சொல்ல நானும் அதை நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கையில்தான் இந்த டுங்கிப் படகைப் பழையதாக வாங்கினேன். சுனாமிக்குப் பிறகு கடல் பக்கமே திரும்பாத அங்கம்மா அதில் இன்றுவரை கால் வைக்கவில்லை. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, லாலாஜி பே கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று அம்மாள் ஆசைப்பட்டார்கள். காட்டுவழியாக நடந்தே போகலாம் என்று நளினி சொன்னாள். ஷிப்பிங்கில் இருந்தவன் வீட்டு விருந்தாளிகள் நடப்பதா என்று நான்தான் எல்லோரையும் படகில் ஏற்றினேன்.

சேலை விஷயத்துக்கு வருகிறேன். கரைக்குப் பக்கத்தில் படகை நிறுத்தும்போது நங்கூரக் கயிற்றைப் படகின் முன்பக்கம் கட்ட வேண்டும். நான் எஞ்சின் பக்கத்தில், பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோகச் சோம்பல்பட்டுப் பின்பக்கமே கட்டிப் போட்டேன். முன்பக்கம் கூராக இருப்பதால் அலையைப் பிளந்துகொள்ளும். பின்பக்கம் தட்டை, வருகிற அலையை உள்ளே வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டது. அதற்கு நேரே அம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் கோவிந்தராஜ் உட்கார்ந்திருந்தாலும் நனைந்திருப்பார். அதற்காக அவருக்குக் கல்யாணம் ஆகாது என்று யாரும் சொல்லப்போவதில்லை.

உடனே நங்கூரத்தை இழுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். நங்கூரத்தைக் கை மாற்றி மாற்றிக் கயிறு விட்டு மெதுவாக இறக்க வேண்டுமாம். நான் தலைக்கு மேல் சுழற்றி வீசினேன். தம்பி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சுருட்டி வைத்த கயிற்றின் நடுவில் நிற்கக் கூடாது என்பது இங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். நான் அதன் நடுவில்தான் நின்றேன். இடம் வசதியாக இருந்தது. நங்கூரம் போனது, கயிறு போனது, கூடவே என் காலும் போகப் பார்த்தது. தாங்கள் பாய்ந்து என் வேட்டியைப் பிடித்தீர்கள். வேட்டி தங்கள் கையோடு வந்துவிட்டது. கரையில் கடலம்மாவுக்கு வைத்துக் கும்பிட அம்மாள் கொண்டுவந்திருந்த பூ, குங்குமத் தட்டின் மேல் நான் விழுந்தேன். "ஐயா, எந்திரிங்க, பொம்பளைங்க இருக்காங்க" என்று தாங்கள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அந்த இடத்தில் இட்லித் தட்டு இருந்திருந்தால் இட்லி கொட்டியிருக்கும். உள்ளதைச் சொல்கிறேன், கயிறு காலை இழுத்தபோது மிகவும் பயந்துபோனேன். இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் இக்கடிதத்தை அங்கம்மா எழுதியிருப்பாள். அவள் இவ்வளவு பணிவாக எழுதமாட்டாள்.

படகு போன விஷயம் இன்னும் எளிது. கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்ட வேண்டும். நான் கட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம், இழுத்துப் பார்த்ததாகக்கூட ஞாபகம். ஆனால் கட்டிய கயிறு தானாக அவிழாது. நாம் இறங்கிக் கரையேறி, மணலில் உட்கார்ந்து வடை தின்று திரும்பிப் பார்த்தபோது படகு தன்பாட்டுக்குத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆகவே நான் கட்டவில்லை. அதற்குப் பிறகு காட்டுவழியில் நடந்தது, அட்டை கடித்தது, கப்பல் ஜெட்டிக்கு வந்து சேர்வதற்குள் சாயங்காலக் கப்பல் போய்விட்டது, இரவு எங்கள் வீட்டில் தங்கியது எல்லாம் அந்த ஒரு முடிச்சின் விளைவு. மறுநாள் கிளம்பும்போது அம்மாள் "போறோம்" என்றார்கள். "போயிட்டு வர்றோம்" என்று சொல்லவில்லை. அங்கம்மா அன்று முழுவதும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

படகு பிறகு அலையாத்திக் காட்டில் சிக்கிக் கிடைத்தது. நங்கூரத்தையும் மூழ்கி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தீவில் எனக்குப் பாடம் எடுக்காதவர் பாக்கியில்லை. மீன் விற்கிற பெங்காலிப் பெண்மணிகூட, "அங்கிள், லங்கர் ஃபேக்னா நஹீ, தீரே ஸே சோட்னா" என்று, நங்கூரத்தை வீசாமல் மெதுவாக விடும்படி நடுரோட்டில் நடித்துக் காட்டினார். ஆழத்தைப் போல ஐந்தாறு மடங்கு கயிறு விடவேண்டும், கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துப் படகு நகர்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பா மடையன் என்பதற்காக எங்கேயும் கல்யாணம் நின்றதில்லை. நின்றிருந்தால் இந்த தேசத்தில் ஜனத்தொகையே பெருகியிருக்காது. நளினி நல்ல பெண். என் கைவேலைக்கு அவள் தலையில் பழி விழுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தயவுசெய்து அம்மாளிடம் எடுத்துச் சொல்லவும்.

அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தம்பி நூறு வயது குறையில்லாமல் இருக்கட்டும். பட்டுச்சேலையில் உப்பு தங்காமல் இருக்க நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தும்படி அங்கம்மா சொல்லச் சொன்னாள்.

தங்கள் உண்மையுள்ள,
ஜம்புலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டுமுன் நளினி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அப்பா, நீங்க ஒழுங்காத்தான் கட்டியிருந்தீங்க. அவருதான் கடைசியா எறங்கும்போது அவுத்து விட்டாரு" என்றாள். 'அவரு' என்பது தம்பியாம். ஏன் என்று கேட்டோம். "எங்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசாம சாயங்கால ஷிப்புக்குக் கிளம்பணுமேன்னுதான். மறுநாளே போன்ல சொல்லிட்டாரு" என்றாள். அதற்குப் பிறகு தினமும் போன் வருகிறதாம். ஆகவே மேலே ஒப்புக்கொண்ட மடத்தனத்தில் மூன்றில் ஒரு பங்கை வாபஸ் வாங்குகிறேன். கடலில் நிற்கிற படகை அவிழ்த்துவிடுகிற பையனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்று இப்போது அங்கம்மாதான் கேட்கிறாள். நளினி எங்கள் இருவரையும் கேட்கவில்லை. அம்மாளிடம் நேரில் பேசிக்கொள்கிறேன் என்று நாளைக் காலைக் கப்பலில் கிளம்புகிறாள். தபால் செலவு எதற்கு என்று இந்தக் கடிதத்தையும் அவளே கொண்டுவருகிறாள். தம்பி ஜெட்டிக்கு வருவதாக ஏற்பாடு. தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இந்த வரியைத் தாங்கள் படிக்கும்போது இருவரும் தங்கள் எதிரில்தான் நிற்பார்கள். கப்பலில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. எந்த முடிவாக இருந்தாலும் சரி, முதலில் அவளுக்கு ஒரு வாய் ஏதாவது கொடுக்கச் சொல்லவும்.