கிற்றார் அரங்கேற்றத்துக்கு வராத மச்சானுக்கு

ஸ்கீவ, டென்மார்க்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் நித்தியானந்தன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சரோஜினிதேவியின் கணவனும், இன்றைய தேதியில் ஸ்கீவ முழுவதிலும் அதிகமாக நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவனுமாகிய வரதலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நல்ல சுகம். டோஸ்ட்ருப்பில் உங்கள் சுகமும், உங்கள் சங்கீத சபையின் சுகமும், சபையிலுள்ள வீணைகளின் சுகமும் அறிய ஆவல்.

மச்சான், அரங்கேற்றம் நடந்துவிட்டது. "கறண்டில ஓடுற சாமானுக்கு அரங்கேற்றமோ? நான் அந்த மண்டப வாசலையும் மிதிக்கமாட்டன்" என்று ஃபோனை அடித்து வைத்தீர்களே, அதே அரங்கேற்றம்தான். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் உங்கள் ஐம்பத்தாறு வயதுத் தங்கை, அந்த இல்லத்தின் பொறுப்பாளர் கத்தரீனா தன் இளமைக் காலத்தில் வாசித்த இளஞ்சிவப்புக் கிற்றாரை வாங்கிப் பழகி, எண்பதுகளில் தலைமயிரைச் சிலுப்பிக்கொண்டு மேடையேறிய கிளாம் மெற்றல்காரரின் வாசிப்பை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, காஞ்சிபுரம் சேலையோடு மேடையேறினாள். அழைப்பிதழ், பிரதம விருந்தினர், பொன்னாடை, வடை என்று முறையில் ஒன்றும் குறையவில்லை. நீங்கள் மட்டும்தான் குறை.

அந்தக் குறைதான் காலையில் என் உயிரை எடுத்தது. சனம் வந்து குவிந்துவிட்டது, உங்கள் தங்கையோ ஒப்பனை அறையில் அந்தக் கிற்றார்காரரைப் போலவே ஸ்பிரே அடித்து உயர்த்திய கொண்டையோடு குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்கிறாள். "அண்ணை கேக்காத வாசிப்பு எனக்கு வேண்டாம். வந்த ஆக்களுக்கு வடையைக் குடுத்து அனுப்புங்கோ." நான் விடுவேனா? பெண் சுதந்திரம், கலை, மண்டப வாடகை ஆகிய மூன்றையும் தொட்டு ஒரு பிரசங்கம் செய்தேன். விளக்கேற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஆள் கிற்றாரை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். என் வாய்க்கு இப்படி ஒரு சக்தி இருப்பது இத்தனை வருடமாக எனக்கே தெரியாது.

முதல் உருப்படி எடி வான் ஹேலனின் பாணி. இடக்கை மட்டுமல்ல, வலக்கை விரல்களும் கிற்றாரின் கழுத்திலே தட்டித் தட்டி ஓடும். பிறகு கிற்றாரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு இரும்புப் பிடியை அமுக்க, தந்தியெல்லாம் தளர்ந்து சத்தம் வானத்திலிருந்து குத்துக்கரணம் அடித்து இறங்கும். டேனிஷ்காரர் விசிலடித்தார்கள். நம்முடைய ஆட்களோ, குண்டு போடுகிற பொம்மர் வருகிறது என்று கூரையைப் பார்த்தார்கள். இரண்டு பேர் கதிரைக்கு அடியிலேயே போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து நான் மங்களகரமாகப் போட்ட சாம்பிராணிப் புகை கூரைக்கு ஏறி, தீ அலாரம் அலறத் தொடங்கிவிட்டது. மானம் கப்பலேறியது என்று நான் கண்ணை மூடிவிட்டேன். சரோஜா மூடவில்லை! வீணை பழகிய விரல் அல்லவா, தந்தியை இழுத்து வளைத்து அந்த அலாரத்தின் சுரத்தையே பிடித்து அதன் மேல் வாசிக்கத் தொடங்கினாள். தொப்பியும் சப்பாத்துமாக ஓடிவந்த தீயணைப்புக்காரர் அலாரத்தை நிறுத்திவிட்டுப் போகாமல், கடைசி வரிசையில் நின்று தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் வடை கொடுத்தோம்.

அடுத்தது வைற் லயன் குழுவின் விற்றோ பிராட்டா. அந்தக் குழுவின் பாடகர் எங்கள் டென்மார்க்காரர் என்பதால் கைதட்டு இரட்டிப்பு. அவரும் இரண்டு கையாலும் தட்டுகிறவர்தான், ஆனால் எவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் துலக்கிய செம்பு மாதிரி. பிறகு ரிச்சி சம்போரா பாணிக்காக ஒரு குழாயை வாயில் வைத்துக்கொண்டு கிற்றாரைப் பேச வைத்தாள். முன்வரிசை ஷாமிலா அக்கா, "ஐயோ, சரோஜாவுக்குச் சுகமில்லையோ, வாயில ரியூப் போட்டிருக்கினம்" என்று எழும்பியே விட்டார். கடைசியாக நூனோ பெற்றன்கோர்ட். அது வலக்கையின் விளையாட்டு. தந்தியை மறித்து மறித்து அவள் வெட்டிய வெட்டில், உங்கள் சபை மிருதங்கக்காரர் துவாரகனே தன்னை மறந்து தொடையில் தாளம் போட்டார். ஓம், உங்கள் ஆள்தான். கேட்டுப் பாருங்கள்.

சனம் எழுந்து நின்றது மச்சான். கத்தரீனா புலித்தோல் சட்டையோடு விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன், அதை ஒளிக்கப் போவதில்லை. இத்தனைக்கும் காரணம் என் ஒரு பிரசங்கம். இதையெல்லாம் காணக் கொடுத்துவைக்காத உங்கள் காதுகளை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. இனி நாங்களும் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டோம். இது என் முடிந்த முடிவு.

மச்சாளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாருக்கும் சரஸ்வதி துணை. கறண்டு வாத்தியத்துக்கும் அவதான்.

இங்ஙனம்,
வெற்றிவாகை சூடிய
வரதலிங்கம்

பி.கு: அண்ணை, இது சரோஜா. கடிதத்தை ஒட்ட முதல் வாசிச்சுப் பாத்தனான். இவரின்ரை பிரசங்கத்துக்கு நான் எழும்பேல்லை. இவர் விளக்கேத்தப் போன நேரம் நீங்கள் என்ரை மகள் துஷாராவுக்கு ஃபோன் அடிச்சு, "ஃபோனை மேடைக்குக் கிட்ட வை, ஒருத்தருக்கும் சொல்லாதை" எண்டனீங்களாம். அவள் அடுத்த நிமிசமே எனக்குச் சொல்லிப்போட்டாள். அதுக்குத்தான் எழும்பினனான். முடிஞ்ச கையோட, "சுருதி அரைக்கட்டை இறங்கியிருக்கு எண்டு கொம்மாட்டைச் சொல்லு" எண்டும் சொன்னீங்களாம். அது பிழையில்லை அண்ணை. அந்தக் கிற்றார்காரரிலை கனபேர் பாடுறவையின்ரை தொண்டைக்காக வேணுமெண்டே அரைக்கட்டை இறக்கித்தான் வாசிச்சவை. வாற வெள்ளிக்கிழமை நாங்கள் உங்கடை வீட்டை வாறம், இவரும் வருவார். மண்டபம் நிறைஞ்ச சனத்திலை அந்த அரைக்கட்டை ஒருத்தருக்கும் பிடிபடேல்லை, ஃபோனிலை கேட்ட உங்களுக்குத்தான் பிடிபட்டது. பிறகு நான் ஆருக்கு வாசிச்சனான் எண்டு நினைக்கிறியள்?